படகு வாங்க ரொக்கமா, கடனா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 56. மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். 60 வயது வரை வேலை உண்டு. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூண்டில் மீது ஆசை. மாதம் ஒரு தடவை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து தெக்கோங்கோடு, அதாவது படகோட்டியோடு, படகை வாடகைக்கு எடுத்துப் போவோம். ஒரு நாளைக்கு 600 வெள்ளி (ரிங்கிட்), ஆளுக்கு 150. இப்போது 21 அடி பழைய ஃபைபர் படகு ஒன்று, 115 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின், டிரெய்லரோடு 68,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) 310,000 வெள்ளி வைத்திருக்கிறேன். "அதைத் தொடாதே. இபிஎஃப் 6.30 விழுக்காடு கொடுக்கிறது, வங்கி 6 விழுக்காட்டுக்குக் கடன் தருகிறது, கடன் வாங்கினால்தான் லாபம்" என்கிறார் நண்பர். ஹூஸ்டனில் இருக்கும் அண்ணன் மகனும், அங்கே யாரும் கைக்காசு போட்டுப் படகு வாங்குவதில்லை என்கிறான். என் மனைவியோ எதுவுமே வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— நிபோங் தெபால் வாசகர்

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் படகைக் கடனில் வாங்காதீர்கள். சேமநிதிப் பணத்தைக் கொட்டியும் வாங்காதீர்கள். ஆனால் படகு ஆசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஓய்வு பெறும் வரை பீச் ஸ்திரீட் வங்கி ஒன்றில் கடன் பிரிவில்தான் இருந்தேன். விடுமுறை நாட்களில் மைத்துனரின் படகில் பத்து மாவுங்கிலிருந்து புறப்பட்டு ஜெரஜாக் தீவுப் பக்கம் தூண்டில் போட்டவன். விடியற்காலையில் ஒரு கொடுவா இழுக்கும்போது கையில் ஏறுகிற அந்தத் துடிப்பு எனக்கும் தெரியும். 56 வயதில் அது வேண்டும் என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

நண்பரின் கணக்குக்கு வருவோம். 2024-ஆம் ஆண்டுக்குச் சேமநிதி 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது உண்மை. வங்கியின் 6 விழுக்காடும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. வங்கி சொல்வது ஃபிளாட் ரேட். நீங்கள் 8,000 கையிலிருந்து போட்டு 60,000 கடன் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3,600 வட்டி, ஐந்து வருடத்துக்கு 18,000. மொத்தம் 78,000 வெள்ளியை 60 மாதத்தில் கட்ட வேண்டும், மாதத் தவணை 1,300. ஐந்தாம் வருடம் பிறக்கும்போது அசலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். அப்போதும் முழு 60,000 வெள்ளி உங்களிடம் இருப்பது போலத்தான் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மாதாமாதம் குறைகிற அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் இந்தக் கடனின் உண்மையான வட்டி கிட்டத்தட்ட 11 விழுக்காடு. 6.30-ஐ இந்த 11-ஓடுதான் ஒப்பிட வேண்டும். நான் கவுன்ட்டரில் இருந்த காலத்தில் கையெழுத்துப் போட வந்தவர்களிடம் இதை எழுதியே காட்டுவேன். பாதிப் பேர் முகம் மாறும்.

இன்னொரு வழியாகவும் போட்டுப் பார்க்கலாம். கடன் வாங்கிவிட்டுச் சேமநிதியில் 60,000 வெள்ளியைத் தொடாமல் வைக்கிறீர்கள். வருடம் 6.30 கிடைத்தால் ஐந்து வருடத்தில் அது ஏறக்குறைய 81,400 ஆகும். இப்போது எதிர்ப்பக்கம். அந்த 60,000-ஐ எடுத்துப் படகு வாங்கிவிட்டு, வங்கிக்குக் கட்டியிருக்கக்கூடிய அதே 1,300 வெள்ளியை மாதாமாதம் சுயவிருப்பச் சந்தாவாகச் சேமநிதியிலேயே போடுகிறீர்கள். அதே 6.30 என்றால் ஐந்து வருட முடிவில் சுமார் 91,000 வெள்ளி இருக்கும். இரண்டு வழியிலும் படகு உங்களுடையதுதான். வித்தியாசம் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. லாப ஈவு வருடத்துக்கு வருடம் மாறும். 2023-இல் வழக்கமான சேமிப்புக்கு 5.50-தான் கிடைத்தது. அது குறையக் குறைய, 11 விழுக்காட்டுக் கடன் இன்னும் மோசமாகத் தெரியுமே தவிர நல்லதாகத் தெரியாது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த 1,300 வெள்ளியை நீங்கள் உண்மையிலேயே திருப்பிப் போட வேண்டும். வங்கித் தவணை என்றால் பயந்து கட்டுவோம், நமக்கு நாமே வைத்துக்கொண்ட தவணையைத் தீபாவளி வந்தால் நிறுத்திவிடுவோம். இந்த ஒரு காரணத்துக்காகவே கடன் எடுப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு 18,000 வெள்ளி கட்டணம் மிக அதிகம்.

நண்பர் கவனிக்காத இன்னொன்று உங்கள் வயது. ஐந்து வருடக் கடன் முடியும்போது உங்களுக்கு 61. சம்பளம் 60-இல் நின்றுவிடும். வங்கியே இதைப் பார்த்து நான்கு வருடத்துக்குள் முடிக்கச் சொல்லலாம். அப்படியானால் தவணை 1,550 ஆகும்.

இரண்டு வருடத்தில் முதுகு வலி வந்து படகை விற்க நினைத்தால்? சில கடன்களில் முன்கூட்டியே அடைக்கும்போது '78 விதி' என்ற கணக்கு வரும். அதில் வட்டியின் பெரும்பகுதியை முதல் வருடங்களிலேயே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கடனில் அந்த விதி இருந்தால் 24 மாதத்தில் 31,200 வெள்ளி கட்டியிருப்பீர்கள், ஆனாலும் அடைக்க வேண்டிய பாக்கி ஏறக்குறைய 40,250 நிற்கும். அந்த நேரத்தில் இரண்டு வயது கூடிய பழைய படகுக்கும் இஞ்சினுக்கும் என்ன விலை கேட்பார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் 'முன்கூட்டியே அடைத்தால் பாக்கியை எப்படிக் கணக்கிடுவீர்கள்' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். பொழுதுபோக்குக்கு வாங்கிய பொருளைத்தான் முதலில் விற்க வேண்டி வரும் என்பதால் படகுக்கு இந்தக் கேள்வி மற்றதைவிட முக்கியம்.

உங்கள் அண்ணன் மகன் சொல்வதும் பொய்யில்லை, அது அந்த ஊருக்குப் பொருந்தும் கணக்கு. அமெரிக்காவில் படகையே ஈடாக வைத்து 15, 20 வருடத்துக்குக் கடன் தரும் வங்கிகள் உண்டு. குறைகிற அசலுக்குத்தான் வட்டி. படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் உள்ள படகை அந்த நாட்டு வருமான வரிச் சட்டம் இரண்டாவது வீடாகவே ஏற்றுக்கொள்கிறது, ஈட்டுக் கடன் வட்டிக்கு வரிக் கழிவும் கேட்க முடியும். இங்கே நீங்கள் 21 அடிப் படகுக்கு என்று வங்கிக்குப் போனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது தனிநபர் கடன். ஈடு இல்லாத கடன் என்பதால் வட்டி கூடுதல். சொந்தப் பொழுதுபோக்குக்கு வாங்கிய கடனின் வட்டிக்கு நம் வருமான வரியில் கழிவு கிடையாது. வீட்டை மறுபடி அடகு வைத்து எடுத்தால் வட்டி குறையும் என்று யாராவது சொல்வார்கள். வட்டி குறையும்தான். ஆனால் கட்டி முடித்த வீட்டைத் தூண்டிலுக்காகத் திரும்ப வங்கிக் கையில் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அப்படியென்றால் ரொக்கமாகவே கொடுத்துவிடலாமே? 310,000-இல் 68,000 போனால் மிச்சம் 242,000. சேமநிதி வாரியம் 2019-இல் 55 வயதுக்கு அடிப்படைச் சேமிப்பு என்று குறித்த தொகை 240,000. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 வருடத்துக்கு என்பது அந்தக் கணக்கு. இன்றைக்கு நிபோங் தெபாலில் இரண்டு பேர் மாதம் 1,000 வெள்ளியில் மருந்து வாங்கி, மின்கட்டணம் கட்டிச் சாப்பிட முடியுமா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். மகள் கல்யாணச் செலவும் அதே பணத்திலிருந்துதான் வரப்போகிறது என்று நினைக்கிறேன். அவர் வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. கடைசி வார்த்தையை அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

68,000 என்பது நுழைவுக் கட்டணம் மட்டும்தான். படகு வாங்குபவர்கள் தவறவிடுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் போய் வந்த ஒவ்வொரு தடவையும் இஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ்: எண்ணெய், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், தண்ணீர் பம்பின் இம்பெல்லர், துரு தின்னாமல் தன்னைக் கொடுத்து இஞ்சினைக் காப்பாற்றுகிற துத்தநாகக் கட்டி. படகை ஆற்றிலேயே கட்டி வைத்தால் அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டும், சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும், கட்டி வைக்கிற இடத்துக்கு வாடகையும் உண்டு. வீட்டுக்குக் கொண்டு வரலாம் என்றால், தாமான் தரை வீட்டு வாசலில் 21 அடிப் படகு டிரெய்லரோடு நிற்காது. 115 குதிரைசக்தி இஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டர் வரை பெட்ரோல் குடிக்கும், நிதானமாக ஓட்டினால் அதில் பாதி. உயிர்காப்பு அங்கி, தீயணைப்பான், நங்கூரம், பேட்டரி, காப்புறுதி எல்லாம் இதற்கு மேல்.

இவ்வளவும் எத்தனை நாள் பயன்படப் போகிறது? ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்திராப் பக்கத்திலிருந்து திடீர்க் காற்றும் மழையும் கிளம்பி வரும், செப்டம்பர், அக்டோபர் பினாங்கில் மழை கொட்டுகிற மாதங்கள். மிச்ச வாரங்களில் உங்கள் ஷிப்ட்டும் நீர் ஏற்றமும் ஒத்துவர வேண்டும். மாதம் ஒரு தடவை போகிறவர் சொந்தப் படகு வந்ததும் வாரா வாரம் போவார் என்பது நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன், குறைவாகத்தான் நடக்கும். கடன் தவணை 1,300 என்றால், அதே பணத்தில் மாதம் இரண்டு தடவை முழுப் படகையும் தெக்கோங்கோடு நீங்கள் ஒருவரே வாடகைக்கு எடுத்துவிடலாம், கையில் நூறு வெள்ளி மிஞ்சும்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. அந்த 1,300 வெள்ளியை அடுத்த மாதச் சம்பளத்திலிருந்தே தனிக் கணக்கில் போட ஆரம்பியுங்கள். வாடகைப் படகில் போவதை நிறுத்தாதீர்கள். மாதம் இப்படி ஒரு தொகை வெளியே போவதை உங்கள் குடும்பம் தாங்குமா என்பது கடன் வாங்காமலேயே தெரிந்துவிடும். ஒன்றரை வருடத்தில் 23,400 வெள்ளி சேரும். சேமநிதியிலிருந்து அதிகமாகப் போனால் 10,000 எடுங்கள். மொத்தம் 33,400. அதில் 5,000-ஐ முதல் வருடப் பராமரிப்புக்கு என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் அடங்குகிற 16, 17 அடிப் படகாக, 40 அல்லது 60 குதிரைசக்தியோடு பாருங்கள். கிரியான் ஆற்று முகத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் சின்னப் படகுதான் நிம்மதி. அமான் தீவு வரை போய் வர அது தாராளம். கெண்டி தீவுக்கு அப்பால் ஆழ்கடல் போக ஆசை வரும் அன்றைக்கு முன்போல தெக்கோங்கைக் கூப்பிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடல்துறையில், அதாவது ஜபாத்தான் லாவுட்டில், படகு உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இஞ்சின் எண்ணைப் பழைய ரசீதோடு ஒப்பிடுங்கள். விற்பவர் வேறு, உரிமத்தில் உள்ள பெயர் வேறு என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. மூன்று நண்பர்களோடு கூட்டாகப் படகு வாங்கப் போகிறானாம். கடன் மட்டும் இவன் பெயரில், மற்றவர்கள் மாதாமாதம் பங்கு கொடுப்பார்களாம். அவன் அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறான். வீட்டில் இதனால் ஒரே சண்டை.
— பட்டர்வொர்த் வாசகி

பதில்: கையெழுத்து வேண்டாம் அம்மா. இதில் நான் தயங்கவே இல்லை.

ஜாமீன்தாரருக்கு இப்போது சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே என்று மகன் சொல்லக்கூடும். 2017-இல் திவால் சட்டத்தைத் திருத்தி, சமூக ஜாமீன்தாரரைத் திவாலாக்க முடியாது என்று கொண்டுவந்தார்கள். ஆனால் அது மூன்று வகைக் கடனுக்குத்தான்: கல்விக் கடன், சொந்த உபயோக வாகனத்துக்கான தவணைக் கடன், குடியிருக்கிற வீட்டுக்கான கடன். படகுக்காக எடுக்கும் தனிநபர் கடன் இந்த மூன்றிலும் வராது. திவால் மனுப் போட 100,000 வெள்ளி பாக்கி இருக்க வேண்டும் என்று 2021-இல் வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள், சரி. அதற்குக் கீழே இருந்தாலும் வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, உங்கள் கணவரின் சேமிப்பில் கை வைக்க முடியும்.

அந்த மூன்று பிள்ளைகளும் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஒருவருக்கு ஜொகூரில் வேலை கிடைக்கும், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், படகுக்கு வருவது நின்றதும் பங்குப் பணமும் நிற்கும். வங்கியின் ஏட்டில் இருப்பது உங்கள் மகன் பெயர் ஒன்றுதான். இரண்டு, மூன்று தவணை தவறினாலே மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் பதிவேட்டில் அது தெரியும். 30 வயதில் அவன் வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள்.

கூட்டாக வாங்குவது நல்ல யோசனைதான், நான் அதற்கு எதிரி இல்லை. மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நான்கு பேரும் ஆளுக்குக் கால் பங்கு ரொக்கமாகக் கொண்டு வரட்டும், அதற்குள் வருகிற படகை வாங்கட்டும். ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த விலைக்கு மற்றவர்கள் எடுத்துக்கொள்வது, பழுதானால் யார் கொடுப்பது என்பதை எழுதி, நான்கு பேரும் கையெழுத்திட்டு, முத்திரைத் தீர்வை கட்டி வைக்கட்டும். கால் பங்கை ரொக்கமாகக் கொண்டுவர முடியாதவரால் ஐந்து வருடம் தவணை கொடுக்க முடியுமா என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 35 வயது. சேமநிதியின் மூன்றாம் கணக்கில், அதாவது அக்கவுன் ஃபிளெக்சிபலில், 9,000 வெள்ளி இருக்கிறது. எடுத்து என் சம்பான் படகுக்கு இஞ்சின் மாற்றலாமா? எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதானே கொடுத்திருக்கிறார்கள்?
— சுங்கை டுவா வாசகர்

பதில்: எடுக்கலாம் தம்பி, அனுமதி இருக்கிறது. 2024 மே மாதம் இந்தக் கணக்கைத் தொடங்கியதே அவசரத்துக்குக் கை கொடுக்கத்தான். ஆனால் வருடம் 5.50 விழுக்காடு கிடைத்தால் இந்த 9,000 உங்களுடைய 55 வயதில் 26,000 வெள்ளிக்கு மேல் இருக்கும். பழைய இஞ்சின் ஓடுகிறது, வேகம்தான் போதவில்லை என்றால் காத்திருங்கள். நடுக்கடலில் நின்று போகிற இஞ்சின் என்றால் அது உயிர் விஷயம். அப்போது கடன் அட்டையைத் தேய்ப்பதைவிட இந்தப் பணத்தை எடுத்து மாற்றுவது மேல்.

கேள்வி: படகு விற்பவர் தனக்குத் தெரிந்த, உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரரிடம் 30,000 வெள்ளி வாங்கித் தருகிறேன் என்கிறார். மாதம் ஒன்றரை விழுக்காடு. படகையே அடகாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நம்பலாமா?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: மாதம் ஒன்றரை என்றால் வருடம் 18 விழுக்காடு. 1951-ஆம் ஆண்டு வட்டிக் கடைக்காரர் சட்டப்படி ஈடு இல்லாத கடனுக்குத்தான் அதிகபட்சம் 18. ஈடு வைத்து வாங்கினால் 12-ஐத் தாண்டக் கூடாது. அவர்கள் படகையும் அடகு கேட்கிறார்கள், 18 விழுக்காடும் கேட்கிறார்கள். இது சட்டத்துக்கே முரணானது. உரிமம் இருக்கிறது என்ற பேச்சையும் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சிடம் கேட்டுச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அலுவலகத்துக்குப் போய் ஆலோசனை கேளுங்கள். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அமைப்பு அது, ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. போகும்போது அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.